பிசிலாவின் கையும் சிட்னித் தைலமும்

தன் தங்கை பிசிலா எண்ணெய் தேய்ப்பதை மலகாய் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அவள் வேலையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மூக்கு வழியாகத் தெரிந்ததுதான்.

தங்கை இருக்கும் அறைக்குள் அண்ணன் கால் வைப்பதில்லை. மீசை அரும்புகிற வயதில் பாயைச் சுருட்டிக்கொண்டு பையன்கள் படுக்கும் குடிசைக்குப் போனவன் அவன். அன்று முதல் அவள் உட்காரும் பாயில் உட்கார்ந்ததில்லை, அவள் காது கேட்கக் கேலி பேசியதில்லை, உடம்பு, தூக்கம், நோய் என்று எதையும் அவள் முன்னால் எடுத்ததில்லை. வயதில் மூத்தவன் அவன். மரியாதையில் மேலே இருப்பவள் அவள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவி எலெனோவாவிடம் சொல்வான், அது போய்ச் சேரும். டோங்காவில் இப்போது எத்தனையோ வீடுகளில் அண்ணனும் தங்கையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். மலகாயின் வீடு அந்த மாதிரி வீடு இல்லை.

ஆனாலும் அவளைப் பற்றித் தனக்குத் தெரிந்த அளவு ஊரில் வேறு எவருக்கும் தெரியாது என்பது அவன் எண்ணம். எண்ணெய்க்கான தேங்காயை அவன்தான் பொறுக்குவான். முளை விட்டிருக்கக் கூடாது, முளை விடுகிற நேரமாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, உரித்து, அவள் சமையல் குடிசை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவான். எண்ணெயில் மணத்துக்குப் போடும் மொஹோகோய்ப் பூ பூத்திருந்தால் பனி காய்ந்த பிறகுதான் கிளையை வளைப்பான். ஈரத்தோடு பறித்தால் எண்ணெய் புளித்துப் போகும் என்பது அவனுக்குத் தெரியும். சொல்லித் தெரிந்ததல்ல. ஒருமுறை ஈரத்தோடு கொண்டு போய் வைத்த பூக்கூடை, மறுநாள் பன்றிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதோடு புரிந்தது.

எயுவா தீவில் சந்தனக்கட்டையை ஆவியில் வடிக்கும் பட்டறை ஒன்றில் பிசிலா இரண்டு வருடம் வேலை பார்த்தாள். திரும்பி வந்தபோது காசு பெரிதாகக் கொண்டு வரவில்லை. ஒரு பயத்தைக் கொண்டு வந்தாள். "அண்ணி, வடிச்ச எண்ணெய் இருக்கே, அது எண்ணெயே இல்ல. ஒரு துளிக்குள்ள ஒரு கூடை மரம் உக்காந்திருக்கு" என்று எலெனோவாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை மலகாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறான். அதனால்தான் அவள் எதையும் தேங்காய் எண்ணெயில் கரைத்துத்தான் தொடுவாள். தூக்கம் வராத தேவாலய மணியடிப்பவருக்கு உள்ளங்காலில் சந்தன எண்ணெய். பாய் முடைந்து விரல் முட்டி வீங்கிய பெண்களுக்கு டூய்டூய்க் கொட்டை எண்ணெய், கை பொறுக்கும் சூட்டில். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்ட மறுநாள் தலைவலி என்று வருகிறவளுக்கு மொஹோகோய். "தலைவலிக்கு இது. அந்த ஆளுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்பாள். படகில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு எலுமிச்சை இலையைக் கசக்கிப் போட்டது ஒரு சின்னக் குப்பியில். மோந்து பார்க்க மட்டும்.

கைக்குழந்தைக்கு மட்டும் எதுவும் கிடையாது. வெறும் தேங்காய் எண்ணெய். ஏன் என்று யாராவது கேட்டால், "அதுக்கு இப்போ தெரிய வேண்டிய வாசனை ஒண்ணே ஒண்ணுதான், அம்மா. அதுல போய் நான் எதுக்குக் கலக்கணும்?" என்பாள்.

மலகாய்க்குப் பிள்ளை பிறந்தது. ஃபினாவ் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பிசிலா வந்து அண்ணிக்கு முதுகும் காலும் பிடித்துவிட்டு, பிள்ளையை உருவிவிட்டுப் போவாள். அவள் தலை தெரிந்ததும் மலகாய் தன் வீட்டை விட்டு இறங்கி, வாசலில் இருக்கும் ஈரப்பலா மரத்தடிக்குப் போய்விடுவான்.

அந்த ஜூலை மாதச் சனிக்கிழமையும் அப்படித்தான் போனான். கூட எலெனோவாவின் தம்பி செமிசி. படகு எஞ்சின் திணறுகிறது என்று கழற்றி, கார்புரேட்டரைப் பிரித்து, திருகாணிகளை ஒரு கிழிந்த பாயில் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் முழங்கை வரை பெட்ரோல்.

"என்ன மச்சான், உன் வீடு, உன் பொண்டாட்டி, உன் புள்ள. நீ மட்டும் கோழியோட கோழியா மரத்தடில" என்றான் செமிசி.

"நீயும் இங்கதானே இருக்க?"

"உள்ள என் அக்கா படுத்திருக்கா. நான் எப்படிப் போறது?"

"உள்ள என் தங்கச்சி இருக்காங்க. நான் எப்படிப் போறது?"

"அப்போ உள்ள தீப்பிடிச்சா?"

"வெளிய நின்னு ரெண்டு பேரும் கத்துவோம்."

"நீ கத்து. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு." செமிசி ஒரு திருகாணியை வாயால் ஊதினான்.

கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல் வழியாக வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் மணம் வந்தது. அதற்குள் மெலிதாகச் சந்தனம். எலெனோவாவுக்கு முதுகு பிடிப்பது நடக்கிறது என்று மலகாய் கணக்கிட்டுக்கொண்டான். பிறகு சந்தனம் நின்றது. வெறும் எண்ணெய். ஃபினாவின் முறை.

பிள்ளைக்கு நான்கைந்து நாளாக மூக்கடைப்பு. பால் குடிக்கும்போது கர்கர் என்று இழுக்கும். அதைக் கேட்டதிலிருந்து லூபே அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

லூபே அத்தை மலகாய்க்கும் பிசிலாவுக்கும் அப்பாவின் அக்கா. சிட்னியில் மகனோடு இருக்கிறவள், பிள்ளையைப் பார்க்க வியாழக்கிழமை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா என்றால் அதற்கு மேலே அந்த வீட்டில் ஆள் இல்லை. அவள் எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும், எதைச் சொன்னாலும் கேட்க வேண்டும். மலகாய் வளர்த்த பன்றியை வந்த அன்றே "இதை அறு" என்றாள், அறுத்தான். நல்ல வள்ளிக்கிழங்கையெல்லாம் தன் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள், அனுப்பினான். முகம் சுளிக்கவில்லை. சுளிக்கத் தோன்றவும் இல்லை.

ஜன்னலுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"வெறும் சமையல் எண்ணெயைத் தடவிக்கிட்டிருக்கியே பிசிலா, சளி இதுக்கா இறங்கும்? நான் சிட்னிலேருந்து நல்லதா ஒண்ணு கொண்டாந்திருக்கேன் பாரு."

பிசிலாவின் குரல் தணிவாக இருந்தது. "மூடியைத் திறக்காதீங்க அத்தை. பெரியவங்களுக்கு இருக்கட்டும். இவன் சின்னவன்."

"சின்னவனுக்குத்தான்டி சளி. அங்க ஒவ்வொரு வீட்லயும் இது இருக்கு. துணிக்குப் போடுறான், தரைக்குப் போடுறான், நெஞ்சுக்கும் போடுறான்."

"தரை மூச்சு விடாது அத்தை."

செமிசிக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டான். மலகாய் சிரிக்கவில்லை. அத்தையிடம் இந்த வீட்டில் யாரும் இவ்வளவு நீளமாக எதிர்த்துப் பேசி அவன் கேட்டதில்லை.

பிறகு அத்தை, "சரி சரி. போய் வெந்நீர் கொண்டா. துடைச்சு விடுவோம்" என்றாள்.

அத்தை ஏவினால் போக வேண்டும். பிசிலா பின்வாசல் வழியாக இறங்கிச் சமையல் குடிசைப் பக்கம் போவது தெரிந்தது. மலகாய் குனிந்து ஒரு மெல்லிய கம்பியைக் கார்புரேட்டர் துளைக்குள் விட்டான்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

பெட்ரோல் நாற்றத்தையும் கிழித்துக்கொண்டு வந்தது. மூக்கின் உச்சியில் குளிர்ச்சியாகக் குத்துகிற வாசனை. குவீன்ஸ்லாந்தில் பழம் பறிக்கப் போயிருந்தபோது தங்கியிருந்த விடுதியில் வெள்ளிக்கிழமை தோறும் தரை துடைப்பார்கள். அப்போது கண்ணில் நீர் வரும். யூகலிப்டஸ் தைலம்.

மலகாயின் கை நின்றது. பிள்ளையைத் தேய்க்கிற நேரத்தில் அந்த வீட்டிலிருந்து எந்த வாசனையும் வரக் கூடாது.

"மச்சான், அது என்ன..." என்று செமிசி ஆரம்பித்தான்.

"சும்மா இரு."

ஃபினாவ் ஒருமுறை தும்மினான். பிறகு இருமினான். வழக்கமான சளி இருமல் இல்லை, ஏதோ தொண்டையில் அடைத்துக்கொண்டதைப் போல ஒரு சின்ன வெட்டு. இன்னொன்று. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மலகாய் எழுந்தான். மூன்றே எட்டில் வாசல். படியில் ஒரு காலை வைத்தான். உள்ளே மனைவி மேலாடை நெகிழ்ந்து படுத்திருப்பாள், அது பரவாயில்லை. ஆனால் அத்தை இருக்கிறாள். பின்வாசல் வழியாக எந்த நொடியும் தங்கை வருவாள். முப்பத்தைந்து வயது மனிதனின் கால் அந்தப் படியில் அப்படியே நின்றது.

"எலெனோவா!" என்று கூப்பிட்டான். "புள்ள ஏன் சத்தம் போடல?"

"ஆம்பளைங்களுக்கு இங்க என்னடா வேலை? தூங்கப் போறான்" என்றது அத்தையின் குரல்.

"அத்தை..." எலெனோவாவின் குரல் நடுங்கியது. "அத்தை, அவன் வாயைப் பாருங்க. வாயைத் திறந்து திறந்து மூடுறான்."

பின்பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. ஓடி வரும் காலடி. பிசிலாவுக்கும் வாசனை எட்டிவிட்டது.

"எங்க போட்டீங்க?" இது பிசிலா. தணிந்த குரல் போய்விட்டிருந்தது. "அத்தை, எங்கெங்க போட்டீங்க?"

"நெஞ்சுல. மூக்குக்குக் கீழ கொஞ்சம். நாலு துளிதான்டி..."

"குடுங்க அவனை."

"உக்காரு. இப்ப சரியாயிடும். மருந்து ஏறுது."

"நான் கேக்கல அத்தை, எடுத்துக்கறேன். இவன் என் அண்ணன் புள்ள. இவன் விஷயத்துல மேல இருக்கறது நான்."

"எனக்கு மேலயா?"

"உங்களுக்கு மேல இல்ல. இவனுக்கு மேல."

வெளியே நின்ற இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சொன்னது சரிதான். மலகாய்க்கு லூபே அத்தை எப்படியோ, ஃபினாவுக்கு அப்படி பிசிலா, அப்பாவின் சகோதரி. அந்த உரிமையை எடுத்து அவள் இதுவரை ஒரு கோழிக்குஞ்சைக்கூடக் கேட்டதில்லை.

முன்கதவு திறந்தது. பிசிலா பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, கை தோள் வரை எண்ணெய். மலகாய் பார்வையைத் தரைக்குத் தாழ்த்திப் படியிலிருந்து விலகினான். விலகிய அதே வேகத்தில் பிள்ளைக்காகக் கையை நீட்டினான்.

"அண்ணா, பெட்ரோல்!"

எத்தனையோ வருடத்தில் அவள் நேராக அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

கடலிலிருந்து காற்று வரும் பக்கமாகப் போய், புல்லில் முழங்கால் போட்டு, பிள்ளையின் முகம் காற்றுக்கு நேரே இருக்கும்படி பிசிலா உட்கார்ந்தாள். ஃபினாவின் உதடு வெளுத்திருந்தது. கண் பாதி மூடி, மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது எப்போது என்று காத்திருக்க வேண்டியிருந்தது. எலெனோவா ஒரு செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"தண்ணி வேண்டாம் அண்ணி! பரவிடும். எண்ணெயை எண்ணெயாலதான் எடுக்கணும். உள்ள என் தேங்காய் எண்ணெய் குப்பி, மல்லுத்துணி. அப்புறம் சோப்பு."

குப்பி வந்தது. துணியை வெறும் எண்ணெயில் நனைத்து மூக்கின் கீழே ஒற்றி எடுத்தாள், துணியை மடித்து அடுத்த பக்கத்தால் நெஞ்சு, அந்தத் துணியைத் தூர எறிந்துவிட்டு இன்னொன்று. பிறகு சோப்பு நீர். பிறகு மறுபடி எண்ணெய். பிள்ளையின் சட்டையைக் கழற்றி வீசினாள். அவசரம் தெரிந்தது, ஆனால் ஒரு இடத்தைக்கூட அவள் விடவில்லை; கழுத்து மடிப்பு, அக்குள், மூடிய கைவிரல்களுக்குள். மலகாய் மணலையும் சோப்பையும் போட்டுத் தன் கையைத் தோல் போகத் தேய்த்துக்கொண்டே இதையெல்லாம் கடைக்கண்ணால் பார்த்தான். பார்க்கக் கூடாது என்ற நினைப்பும் வந்தது, பார்த்தான்.

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "நானும்..."

"கிட்ட வராதீங்க அத்தை. உங்க கையில இருக்கு."

லூபே அத்தை அப்படியே நின்றாள். இரண்டு கைகளையும் உடம்புக்குத் தொலைவாக, யாருடைய கைகளோ போலப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் கடைசித் தம்பி இப்படித்தான் சளி கட்டி..." என்றாள். "இதே வீட்லதான். இழுத்து இழுத்து... அதனாலதான்டி." அந்தத் தம்பி, அங்கிருந்த மற்றவர்கள் பிறக்கும் முன்னே போன குழந்தை.

ஃபினாவ் மூச்சை இழுத்தான். விட்டான். அடுத்ததற்குக் காக்க வைத்தான். பிசிலா அவன் உள்ளங்காலை விரலால் சுண்டிக்கொண்டே இருந்தாள். "தூங்கக் கூடாது. தூங்கக் கூடாது ராசா. அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

ஆஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம், நகரத்தில். எல்லாரும் மரத்தடியைப் பார்த்தார்கள். எஞ்சின் கிழிந்த பாயில் துண்டு துண்டாகக் கிடந்தது.

"சேர்க்க எவ்வளவு நேரமாகும்?" என்றான் மலகாய்.

செமிசி பாயில் கிடந்த திருகாணிகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டான்.

ஊரில் வேறு எஞ்சின் படகு போதகருடையது ஒன்றுதான். நாளைப் பிரசங்கத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. மலகாய் தட்டினால் தயங்குவார், காரணம் கேட்பார், பெட்ரோல் கேட்பார். இதை மலகாய் யோசித்து முடிப்பதற்குள் அத்தை நடக்கத் தொடங்கியிருந்தாள். மூட்டுவலிக்காரி ஓடுகிற மாதிரியான நடை. கொஞ்ச நேரத்தில் வேலிகளைத் தாண்டி அவள் குரல் கேட்டது.

"போதகரே! சாவி!"

"யாரது? லூபேயா? என்ன விஷயம், உள்ள வாங்க..."

"உள்ள வரதுக்கு நேரமில்ல. சாவியைக் குடுங்க, அப்புறமா உங்க மேசையில வந்து உக்காந்து எவ்வளவு வேணா ஜெபம் பண்றேன்."

அத்தைக்கு இல்லை என்று சொல்லிப் பழகாத ஊர் அது. சாவி வந்தது.

படகில் மூன்று பேர். எலெனோவா நடுவில், பிசிலா முன்னால் பிள்ளையோடு, பின்னால் எஞ்சினில் மலகாய். அத்தை துறையில் முழங்கால் தண்ணீரில், தேவாலயத்துக்கென்று தேய்த்து வைத்திருந்த பாவாடை நனைய நின்றாள். ஏறவில்லை. கையை இன்னும் அதே மாதிரி தள்ளிப் பிடித்திருந்தாள்.

மலகாய் விசையை முழுவதும் திருகினான். நகரத்துறைக்கு நேர்வழி காற்றோடு போகிற வழி. அலையும் பின்னாலிருந்து தள்ளும், சீக்கிரம் போய்விடலாம். கண்ணைத் தூரத்துக் குன்றிலேயே வைத்திருந்தான். முன்னால் பார்த்தால் தங்கையின் முதுகு. அதற்கு அப்பால் பிள்ளையின் தலை இருக்கிற இடம். அது அசைகிறதா இல்லையா என்று பார்க்க அவனுக்குத் தைரியமில்லை.

"அண்ணா!" பிசிலா திரும்பினாள். "புகை வருது!"

காற்றோடு போகிற படகை அதன் எஞ்சின் புகை விடாமல் துரத்தும். அது அவனுக்கு இதுவரை ஒரு விஷயமாக இருந்ததில்லை. இப்போது நீலமாக முன்னால் நகர்ந்து, எலெனோவாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"நேர்வழி இதுதாம்மா!" என்று கத்தினான்.

"சுத்திப் போங்க! காத்து பக்கவாட்டுல வரட்டும்!"

"சுத்தினா நேரமாகும்!"

"நேரம் இருக்கான்னு எனக்குத் தெரியாது. இவனுக்குக் காத்து இல்லன்னு தெரியும்!"

எலெனோவா கணவனைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் இந்த இரண்டு பேரின் பேச்சையும் சுமந்தவள், இப்போது நடுவில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

நகரத்துத் துறை கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மலகாய் சுக்கானைத் தள்ளினான். துறை பக்கவாட்டில் நழுவி, சின்னத் தீவு ஒன்றின் பாறைக்குப் பின்னால் மறைந்தது. காற்று இடது கன்னத்தில் அறைந்தது. புகை கடல்மேல் விலகிப் போயிற்று. தப்பான முடிவோ என்று நினைத்தும் சுக்கானைத் திருப்பவில்லை. முன்னால் பிசிலாவின் தோள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது, சுண்டும் விரலோடு சேர்ந்து.

பாறையைத் தாண்டும்போது ஒரு சத்தம். பூனைக்குட்டியை மிதித்ததைப் போல.

"அழுறான்" என்றாள் எலெனோவா.

இன்னும் ஒன்று, கொஞ்சம் பெரிதாக. பிறகு ஃபினாவ் கோபமாக, நீளமாக, மூக்கடைப்போடு அழ ஆரம்பித்தான். பிசிலா அவனை நிறுத்தச் சொல்லித் தட்டவில்லை. "அழு. இன்னும் அழு. ஊரைக் கூட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் குரல் உடைந்தது. மலகாய்க்குக் கண்ணை மறைத்தது. உப்புத் தண்ணீர்தான் என்று முழங்கையால் துடைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பருமனான நர்ஸ் பிள்ளையை வாங்கி, மூக்கருகே ஆக்சிஜன் குழாயை வைத்து, மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நாளைக் காலை வரை இருக்கட்டும் என்று சொல்லிப் போனார். மலகாய் வராந்தாவில் நின்றான். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு கேட்டது.

"என்ன போட்டீங்க?" என்றாள் நர்ஸ்.

"யூகலிப்டஸ் தைலம். கலக்காம. மூக்குக்கிட்டயும் நெஞ்சுலயும்" என்றாள் பிசிலா.

"யாரு போட்டது?"

"எங்க வீட்ல."

"வீட்ல யாரு?"

"வீடுதான்."

நர்ஸ் பிள்ளையின் நெஞ்சை மோந்து பார்த்தாள். பிறகு, "ஆக்லாந்தா, சிட்னியா?" என்றாள்.

"சிட்னி."

"நெனைச்சேன். அப்பாவோட அக்காவா தங்கச்சியா?" பதிலை எதிர்பார்க்காமலேயே அவள் பெருமூச்சு விட்டாள். "என் மாமியாருக்கும் ஒரு பெட்டி நிறைய வந்திருக்கு. எண்ணெயைத் துடைச்சது யாரு? தண்ணி ஊத்தலையே?"

"ஊத்தல. தேங்காய் எண்ணெய், அப்புறம் சோப்பு."

"பொழைச்சான்" என்றாள் நர்ஸ். பாராட்டுகிற குரல் இல்லை, அட்டவணையில் எழுதிக்கொண்டே சொன்னது. ஆனால் வராந்தாவில் நின்றவன் அந்த ஒரு வார்த்தையைத் தனக்குக் கொடுத்ததைப் போல வாங்கி வைத்துக்கொண்டான்.

விடியும்போது நகரத்துத் தேவாலயங்களில் முதல் மணி அடித்தது. மலகாய் பெஞ்சில் உட்கார்ந்தே விழித்திருந்தான். நர்ஸ் வேலை முடித்துக் கிளம்பும் முகத்தோடு வெளியே வந்தாள்.

"குழாயை எடுத்தாச்சு. நல்லா மூச்சு விடுறான், பால் குடிச்சான். உள்ள போய்ப் பாருங்க. ஏன் இங்கயே உக்காந்திருக்கீங்க?"

மலகாய் எழுந்து கதவு வரைக்கும் போனான். கட்டிலில் எலெனோவா. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில் விரித்த பாயில், வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டு பிசிலா. அவன் உடனே திரும்பிக்கொண்டான்.

"என் தங்கச்சி தூங்குறாங்க" என்றான்.

நர்ஸ் அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அவளுக்கும் அண்ணன்மார் இருந்திருக்க வேண்டும். "ராத்திரியெல்லாம் நான் நடந்தது போதாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் துணிச் சுருள் இருந்தது. "கையைக் கழுவினீங்களா?"

"கழுவினேன்."

"மறுபடி கழுவுங்க."

வராந்தா குழாயில் கழுவி, சட்டையில் துடைத்து, இரண்டு கையையும் நீட்டினான். நர்ஸ் பிள்ளையை அவற்றில் வைத்தாள். ஃபினாவ் விழித்திருந்தான். சளி இன்னும் கர்கர் என்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உப்பி, இறங்கி, உப்பியது. மலகாய் அவனை முகத்துக்கு அருகே கொண்டு போய் மோந்து பார்த்தான். பாலும் சோப்பும் மட்டும். உள்ளே குறட்டை நின்றது. அவன் பிள்ளையோடு நாலு எட்டு தள்ளிப் போய், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.